குரைப்பும் முறைப்பும் கலந்த குட்டி

அன்பு மகள் மெரினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, கிழட்டு நாய் மாஸ், கோழிகள், மலை மேல் நனைந்துகொண்டு நிற்கிற ஆடுகள் எல்லோரும் நலம், என் மேல்வரிசைப் பல்லைத் தவிர. ஸ்காட்லாந்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ந்த காலுறை போட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தை எடுத்தார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் புதுப் பல்செட்டு வாய்க்குள் தாளம் போடுகிறது, நீ அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது எனக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. காகிதத்தில் எனக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.

மார்ச் மாதம் நம் கிளப்பின் ஆடு மடக்கும் நாய்ப் போட்டியில் நடந்ததை உன் அம்மா போனில் பாதி சொல்லி, மீதியைச் சிரித்தே தீர்த்துவிட்டாளாமே. முழுக்கதையை நானே எழுதிவிடுகிறேன், வேலிக்கு அந்தப் பக்கத்து ஹேமி வாயால் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும். பல் டாக்டர் செட்டை மாட்டிவிட்டபோதே சொன்னார், கொஞ்ச நாள் கடினமாக எதையும் கடிக்காதீர்கள் என்று. ஊதக்கூடாது என்று சொல்லவில்லை. போட்டியில் மாஸ் அழகாக மலை ஏறிப்போய் மூன்று ஆட்டையும் கண்டுபிடித்து நான் நிற்க வேண்டிய வட்டத்தை நோக்கி இறக்கிக்கொண்டு வந்தது, இந்த வயதில் இப்படி ஓர் ஓட்டமா என்று கூட்டமே எழுந்து நின்றது, எனக்குக் கோப்பையே கையில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. நிறுத்து என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் வழக்கம்போல் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன். சத்தம் வரவில்லை, பல் வந்தது. மேல்வரிசை முழுதாக, வெயிலில் மின்னிக்கொண்டு, புல்லில் போய் விழுந்தது. அந்த நாயைப் பார்க்க வேண்டுமே கண்ணு. பிறந்ததிலிருந்து ஆட்டை விட்டுக் கண்ணை எடுக்காத நாய், ஆட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, வயிறு தரையில் படப் பதுங்கி, என் பல்லை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. பல் தப்பித்து ஓடிவிடக்கூடாது என்று பிடித்து வைத்திருந்தது. நடுவர் தன் பெட்டி மாதிரி அறைக்குள்ளிருந்து "முர்ரே, என்னய்யா ஆச்சு, சொல்லு" என்று கத்துகிறார், நான் பல் இல்லாமல் என்னத்தைச் சொல்ல, குழந்தை மாதிரி ஏதோ குழறினேன், அதை அவர் விதியை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொண்டார்.

அத்தோடு போயிருந்தால் என் மானம் மட்டும்தான் போயிருக்கும். அந்த மூன்று ஆடும் கேட்பாரில்லாமல் நேராக டீக் கூடாரத்துக்குள் நுழைந்தன. அங்கே உன் அம்மா காலையிலிருந்து சுட்டு அடுக்கிய ஸ்கோன் ரொட்டிகள். ஊரே தட்டும் கையுமாக ஓடுகிறது. பக்கத்துப் பண்ணை ஷோனாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஸ்கோன் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை, தன் நாய் ஃபெர்னை வண்டிக் கூண்டிலிருந்து திறந்துவிட்டாள். ஃபெர்ன் இந்த மாவட்டத்திலேயே பெயர் போன பெட்டை, சத்தமே இல்லாமல் வளைந்து போய் ஒரே முறைப்பில் மூன்றையும் மூலையில் நிறுத்திவிட்டது, எல்லோரும் கைதட்டினோம். அது அந்த வாரம் ஏன் கூண்டில் பூட்டிக் கிடந்தது என்பதை மட்டும் ஷோனா உட்பட ஒருவரும் நினைக்கவில்லை. ஆட்டை வெளியேற்றி, ஸ்கோன் தட்டைத் துடைத்து, என் பல்லைக் கழுவி முடிக்கிற நேரத்தில் ஃபெர்னைக் காணோம். ஹேமியின் ஆண் நாய் டியூக்கும் சங்கிலியை உருவிக்கொண்டு போயிருந்தது. டியூக் எவ்வளவு பெரிய தொண்டைக்காரன், மூன்று பள்ளத்தாக்கு தாண்டிக் கேட்கும் குரைப்பு, அன்றைக்கு மட்டும் மூச்சுக்கூட விடவில்லை.

மே மாதம் குட்டிகள் பிறந்தன. ஷோனா நேரே நம் சமையலறைக்கு வந்து, டீ கூடக் குடிக்காமல், "இதுக்கெல்லாம் உன் பல்லுதான்யா காரணம், ஒரு குட்டியை நீ எடுத்தே ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹேமி அதற்கு மேல். எங்கே பார்த்தாலும், வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற இடத்தில், கால்நடை ஏலத்தில், ஒருமுறை சாவு வீட்டில்கூட, "உன் பேரப்பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்கிறான். எனக்கு மறுபடி ஒரு குட்டி வேண்டும் என்று ஆசை இருந்ததா என்றால், இருந்தது, ஆனால் இப்படி ஒரு குட்டி இல்லை. அதோடு அந்தச் சமயம்தான் பைன் மரக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து நம் பின்மலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடு மேயும் மலை முழுவதும் பைன் நட்டுவிட்டு நமக்கு வருஷா வருஷம் குத்தகை கொடுப்பார்கள். போனில் உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கும், எனக்காக எதையும் பிடிச்சு வச்சுக்காதீங்கப்பா, உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் செய்யுங்க என்றாய். நல்ல பேச்சு. நானும் சரி என்றேன். பைன் நட்டுவிட்டால் நம் காலத்தில் அங்கே ஆடு இல்லை, ஆடு இல்லாவிட்டால் நாய் எதற்கு. ஆகவே குட்டி வேண்டுமா வேண்டாமா என்பதும் மலை வேண்டுமா வேண்டாமா என்பதும் ஒரே கேள்வியாகிவிட்டது, உனக்கு அங்கே கோடை நடக்க, இங்கே அதை மேஜை மேல் வைத்துக்கொண்டு நானும் உன் அம்மாவும் குளிர்காலத்தைக் கழித்தோம்.

பைன்காரர் நல்ல பையன்தான், அழுக்கே படாத பூட்ஸ். வரைபடத்தில் நம் மலையைப் பச்சைப் பென்சிலால் தீட்டிக்கொண்டே, மரியாதைக்காக, உங்க ஊரில் ஏன் ஆளுக்கு இரண்டு சாதி நாய் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். யாராவது கேட்டால் போதுமே எனக்கு. ஹெடிங் நாய் வாயைத் திறக்காது தம்பி, சுற்றிப் போய் ஆட்டுக்கு முன்னால் நின்று கண்ணாலேயே நிறுத்தும், ஹன்டவே நாய் பின்னால் நின்று குரைத்துக் குரைத்தே மலையைக் காலி பண்ணும், ஒன்று இழுக்க ஒன்று தள்ள, இரண்டும் சேர்ந்தால்தான் வேலை என்று விளக்கினேன். அப்போ ரெண்டும் கலந்த ஒரே நாய் இருந்தால் மிச்சம்தானே என்றான். உன் அம்மா டீயை ஊற்றிக்கொண்டே, "கலந்தா ரெண்டும் வரும்னு யார் சொன்னா? குரைக்க வேண்டிய இடத்துல முறைச்சுக்கிட்டு நிக்கும், முறைக்க வேண்டிய இடத்துல குரைச்சு ஆட்டை ஆத்துல தள்ளும்" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சில குட்டிக்கு இரண்டு வேலையும் படியும், அப்படி ஒன்று கிடைத்தால் ஒண்டி ஆளுக்கு அதைவிடப் பெரிய வரம் இல்லை. சிலது இரண்டுக்கும் நடுவில் குழம்பி, வேலியோரம் உட்கார்ந்து ஆயுசைக் கழித்துவிடும். எந்தக் குட்டி எது என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது.

அன்றைக்குப் படுக்கப் போகும்போது உன் அம்மாவிடம், நம் வீட்டிலேயே ஒரு கலப்பு இருக்கிறதே நோலீன் என்றேன். அவள் முறைத்தாள், அந்த முறைப்பைத்தான் நானும் சொல்ல வந்தேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் அறையில் இருக்கிற அத்தனை பேரையும் மூலையில் நிறுத்துவாள், நான் குரைத்துக்கொண்டே இருப்பேன், ஒருவரும் நகர மாட்டார்கள். இரண்டும் கலந்து நீ பிறந்தாய். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் மேடையேறி நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் தலைமை ஆசிரியரை முறைத்துக்கொண்டு நின்றாய், உன் மாமா கல்யாணத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்த இடத்தில் பெண் வீட்டாரைப் பார்த்துக் குரைத்தாய். ஆனால் கண்ணு, பனி பெய்த அந்த வருஷம் பின்மலையில் மந்தை மாட்டிக்கொண்டபோது நீ ஒருத்திதான் இரண்டையும் சரியான இடத்தில் செய்தாய். நான் மலையடியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன், நீ மேலே போய் அந்தத் தகர விசிலை வாயில் வைத்து மாஸை அனுப்பி, பேசாமல் காத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு சத்தம் போட்டாய், மொத்த மந்தையும் வரிசையாக இறங்கியது. கலப்பு சரியாக வந்தால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை. உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு அறுபத்தெட்டு முர்ரே, குட்டி வேலை கத்துக்கிட்டு நாலு நல்ல வருஷம் ஓடுறப்போ உன்னை நான் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளணும்" என்று சொல்லி விளக்கை அணைத்தாள். அவளுக்கு முட்டி வலி. டவுனில் மாடிப்படி இல்லாத வீடு ஒன்றை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். இதையெல்லாம் நான் கணக்கில் எடுக்காமல் இல்லை.

மாஸின் நிலைமையையும் சொல்ல வேண்டும். இப்போது அதற்குக் காது மந்தமாகிவிட்டது. எனக்கு ஊத வரவில்லை, அதற்குச் சரியாகக் கேட்கவில்லை, இரண்டு பேரும் மலைக்குப் போனால் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கவே பொழுது சரியாகிவிடுகிறது. போன மாதம் கொட்டகைக்கு ஓட்ட வேண்டிய ஆட்டை நான் கையை ஆட்டி ஆட்டிக் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு, ரோட்டில் போன சுற்றுலா வண்டி ஒன்று நின்று, தாத்தா கூப்பிடுகிறாரா என்று கேட்டது. உன் அம்மாதான், கதவு ஆணியில் மெரின் தொங்கவிட்டுப் போன தகர விசில் இருக்கே, அதை எடுத்து ஊதேன் என்றாள். விரலால் ஊதத் தெரியாதவர்கள் வைத்துக்கொள்ளும் சாமான் அது என்று உன்னை எத்தனை வருஷம் கேலி பண்ணியிருக்கிறேன். எடுக்க மாட்டேன் என்று வீம்பாகத்தான் இருந்தேன். எடுத்தேன். உதட்டில் வைத்தால் பல்லுக்கு ஒரு சேதமும் இல்லை. நீ சிரித்துக்கொள், பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று இருவரும் ஷோனா வீட்டுக்குப் போனோம். ஹேமியும் அங்கே இருந்தான், தகப்பன் வீட்டார் என்று சொல்லிக்கொண்டு கறி பொதிந்த பை ரொட்டி ஒன்று சுட்டு எடுத்து வந்திருந்தான். வைக்கோலில் குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன, கறுப்பும் பழுப்புமாக, ஹன்டவே காதும் ஹெடிங் மூக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல். ஷோனா தன் பெட்டையை இப்படிப் பண்ணிவிட்டார்களே என்கிற ஆத்திரத்தில், "ஒண்ணுக்கும் உதவாது, பாத்துக்க" என்றாள். ஹேமி, "என் டியூக் பேரைக் கெடுக்காதம்மா, இதுங்க மலையை ஒத்தையா இறக்கும்" என்றான். உனக்குத்தான் தெரியுமே, ஊருக்கு அறிவிக்கிற மாதிரிப் பேசுவான். இதற்கிடையில் ஒரு பெட்டைக் குட்டி எழுந்து, ஷோனாவின் வாத்து ஒன்றைப் பார்த்து, அப்படியே வயிற்றைத் தரையில் ஒட்டிப் பதுங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாத்து சுவரோடு நின்றுவிட்டது. குட்டி அசையவில்லை, வாத்தும் அசையவில்லை. இனி என்ன செய்வது என்று குட்டிக்கே தெரியவில்லை போலிருக்கிறது, திடீரென்று தன் உடம்பைவிடப் பெரிதாக ஒரு குரைப்பு குரைத்தது, தன் குரலுக்குத் தானே பயந்து பொத்தென்று உட்கார்ந்தது. வாத்து பறந்தது. ஹேமி விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை, அது உட்கார்ந்த விதம் எனக்கு உன் சின்ன வயதிலிருந்தே பரிச்சயம்.

வேண்டாம் என்று சொல்ல உன் அம்மாவைத்தான் அழைத்துப் போயிருந்தேன். அவள் குனிந்து குட்டியைப் பார்த்தாள், எல்லோரையும் பார்க்கிற அந்தப் பார்வை. குட்டியும் அவளைப் பார்த்தது. நான் முப்பத்தைந்து வருஷமாக முதலில் கண்ணைத் தாழ்த்துகிறவன், அது தாழ்த்தவில்லை. கடைசியில் உன் அம்மா, "திமிரைப் பாரு இதுக்கு" என்றாள், தூக்கி மழைக் கோட்டுக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அவளே பைன்காரப் பையனுக்குப் போன் போட்டு, "நீ இன்னும் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வாப்பா, இங்க குட்டி ஒண்ணு வேலை கத்துக்குது, அதுக்கு மலை வேணும்" என்றாள். அவன் ஆடித்தான் போயிருப்பான். நானே ஆடிப்போனேன். டவுன் வீடு என்ன ஆச்சு என்று மெல்லக் கேட்டேன், எந்த வீடு என்றாள். அதற்கு மேல் கேட்க நான் என்ன பைத்தியமா.

ஆகக் குட்டி இப்போது துணி துவைக்கிற அறையில் இருக்கிறது. என் இடது செருப்பைத் தின்றுவிட்டது, வலதை எதற்கோ பாக்கி வைத்திருக்கிறது. மாஸ் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு அறைக்குப் போனது, இப்போது இருவரும் ஒரே சாக்கில் படுக்கிறார்கள். வாசலில் ஆடு கத்தினால் முறைக்கிறது, தபால்காரர் வந்தால் குரைக்கிறது, இதுவரை இடம் மாறிப் போகவில்லை. நாளைக்கு எப்படியோ, அது எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இந்தக் குட்டியை உனக்காக எடுத்தோம் என்று மட்டும் நினைத்துவிடாதே. ஒரு வருஷம் என்று போனாய், மூன்றாகிவிட்டது, அங்கே நல்ல வேலை, நல்ல மனிதர்கள், அந்த இயூவன் என்கிற பையனும் நல்லவனாகத்தான் தெரிகிறான், அம்மா போட்டோ காட்டினாள், கையைப் பார்த்தால் வேலை செய்கிற கை. உன் இஷ்டப்படி இரு. அங்கே மற்றவர்கள் நாயோடு வேலை செய்கிறாய், நாய் சோர்ந்தால் முதலாளிக்குப் பயந்து ஓட்டாதே, உட்காரவிடு. மழையில் நனைந்தால் உடனே துணி மாற்று. காலை உணவைத் தவிர்க்காதே, உன் அம்மா இதைத் தனியாக அடிக்கோடு போடச் சொன்னாள், போட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு வேலை உனக்கு. குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. ஹேமி சொல்கிற பெயர் எல்லாம் என் பல்லைப் பற்றியது, வீட்டில் வைத்துக் கூப்பிட முடியாது. ஒரே மூச்சில் பள்ளத்தாக்கு தாண்டிக் கத்துகிற மாதிரிச் சின்னதாக, மாஸ் என்பதோடு குழம்பாத பெயராக ஒன்று எழுதி அனுப்பு. அடுத்த மாதம் ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிடும், அப்புறம் என் கையில் பேனா நிற்காது, அதற்குள் அனுப்பு, மறந்துவிடாதே. நீ எங்கே நின்றாலும் காலடியில் தரை உறுதியாக இருக்கட்டும், பின்னால் காற்றுத் தடுக்க ஒரு சுவர் இருக்கட்டும், உன் வேலையும் உன் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் தினமும் நினைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டிருக்கும் (காகிதத்தில் முழுப் பல்லோடு)
அப்பா முர்ரே

பி.கு. உன் அம்மா இதைப் படித்துவிட்டு, சரி, உறையை ஒட்டிவிடு என்று கோழிக்குத் தீனி போடப் போயிருக்கிறாள். அவள் படிக்காதது இது. குட்டிக்கு இப்போதைக்கு வேலை எதுவும் கற்றுத்தருவதில்லை, சோறு வைக்கும்போது வா என்று விசில் கொடுத்துப் பழக்குகிறேன், அவ்வளவுதான். நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஹேமி, "முர்ரே, இந்த விசிலை எங்கேயோ கேட்டிருக்கேனே, இது உன்னோடது இல்லையே" என்றான். மலைக்கு அந்தப்புறம் நின்றாலும் யார் ஊதுகிறார்கள் என்று சொல்கிற ஆள் அவன். புதுப் பல், அப்படித்தான் வரும் என்றேன். வாயைத் திறந்து அவனிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். சின்னதாக இரண்டு, அப்புறம் மேலே ஏறுகிற ஒன்று. நீ கொட்டகை வாசலில் நின்று ஊதுவாயே, அதே விசில். குட்டி அதற்குத்தான் ஓடி வருகிறது. என் விசில் அதற்குத் தெரியாது.